முகத்துக்கு எதை வாங்குவது? பரு, கரும்புள்ளி, மங்கு, வறட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையிலும் இணையக் கடையிலும் முகத்துக்கான பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் காசு வீணாவது பொருள் மட்டமாக இருப்பதால் அல்ல, இல்லாத பிரச்சினைக்கு மருந்து வாங்குவதால்தான். அதனால் கீழே உள்ள பதில்கள் பலவற்றில் "எதை வாங்குவது" என்பதற்கு முன்னால் "இது என்ன" என்ற கேள்வி வரும். தமிழ்நாட்டு வெயிலையும் வேர்வையையும் நம் மாநிறத் தோலையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை இவை.

கரும்புள்ளிக்கு எந்த க்ரீம் நல்லது?

நாம் "கரும்புள்ளி" என்று ஒரே பெயரில் சொல்வது குறைந்தது மூன்று வேறு வேறு சமாச்சாரம். ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்கு உதவாது.

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக நின்று கண்ணாடியைப் பாருங்கள். குளியலறை ட்யூப்லைட்டில் எதுவும் சரியாகத் தெரியாது. மூக்கு மேலும் மோவாயிலும் குண்டூசித் தலை அளவில் கருப்பாகத் தெரிந்து, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், அது துவாரத்தை அடைத்துக்கொண்ட எண்ணெயும் இறந்த தோல் செல்லும். கருப்பாகத் தெரிவது அழுக்கு அல்ல. அடைப்பின் வாயில் உள்ள பொருள் காற்றுப் பட்டு நிறம் மாறியது. எவ்வளவு தேய்த்தாலும் போகாததற்குக் காரணம் இதுதான். இதற்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலமோ, இரவில் அடாபலீன் என்ற பூச்சு மருந்தோ வேலை செய்யும்.

விரலால் தடவினால் ஒன்றுமே தட்டாமல், தோலோடு தோலாகப் பழுப்பாக இருந்தால் அது பரு விட்டுச் சென்ற கறை. இங்கே சாலிசிலிக் அமிலத்தைவிட சன்ஸ்கிரீனும், கறையை மங்கவைக்கும் அசெலெயிக் அமிலமும்தான் முக்கியம்.

மூன்றாவது, முப்பது வயதுக்கு மேல் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகு போல எழும்பி நிற்கும் சின்னக் கருமணிகள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்திருக்கும். இதைக் கரைக்கும் க்ரீம் கிடையாது. தோல் மருத்துவர் மின்சூட்டுக் கருவியால் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். "மரு உதிரும் எண்ணெய்" என்று விற்பதைப் போட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கருமணி போய், அதைவிடப் பெரிய கறை மிஞ்சுகிறது.

தினமும் எத்தனை பொருள் போட வேண்டும்?

மூன்று: கழுவ ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று, பகலுக்கு சன்ஸ்கிரீன். பிரச்சினைக்கான மருந்து நான்காவது. அதுவும் ஒரே நேரத்தில் ஒன்றுதான். டோனர், எஸன்ஸ், ஷீட் மாஸ்க் எல்லாம் ஆசைக்கு வாங்குவது; வாங்கக் கூடாது என்பதில்லை, ஆனால் அவை இல்லாததால் எந்த முகமும் கெட்டதில்லை.

வரிசை எளிது. கழுவி, மெல்லியதாக இருப்பதை முதலில், கெட்டியானதைப் பிறகு. பகலில் கடைசியாக சன்ஸ்கிரீன்.

முகத்துக்கு சோப்பு போடலாமா?

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். அந்தச் சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதன் சதவீதம் அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். "பேதிங் பார்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது 40 வரைகூட இறங்கலாம்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதன் பி.எச். (கார, அமில அளவு) 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5 அளவில் லேசான அமிலத்தன்மை கொண்டது. கழுவியதும் முகம் "கிரீச்" என்று இழுத்துப் பிடித்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் தோல் தன் எண்ணெயை இழந்து தவிக்கிறது.

வீட்டில் போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகின்றன. வாளி ஓரத்தில் படிகிறதே, அதேதான் முகத்திலும் படிகிறது. சோப்பு அல்லாத சின்டெட் கட்டியோ, நுரை குறைவான ஃபேஸ்வாஷோ இந்தத் தண்ணீரிலும் படியாமல் கழுவிப் போகும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். வேர்த்து வழிந்தால் நடுவில் வெறும் தண்ணீரில் கழுவித் துண்டால் ஒற்றி எடுங்கள்.

முகமே எண்ணெய் வழிகிறது. மாய்ஸ்சரைசர் எதற்கு?

பரு மருந்து எதுவும் போடவில்லை, முகம் இழுக்கவும் இல்லை என்றால் சென்னை, மதுரை வெயிலில் பகலுக்கு சன்ஸ்கிரீனே போதும், தனியாக வேண்டாம். மருந்து போடத் தொடங்கினால் கட்டாயம் வேண்டும். கிளிசரின், நியாசினமைடு உள்ள ஜெல் வகை வாங்குங்கள். நாள் முழுக்க ஏசி அறையில் உட்காருபவர்களுக்கும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் செரமைடு சேர்ந்த கெட்டியான க்ரீம் பொருந்தும். கழுவி முடித்த ஓரிரு நிமிடத்துக்குள், முகம் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் பலன் குறையலாம்.

பருவுக்கு எதில் தொடங்குவது?

பரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் மருந்தின் தர்க்கம் புரியும். ஹார்மோன் தூண்டலில் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கிறது. துவாரத்தின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் ஒட்டி அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் அங்கே எப்போதும் இருக்கும் பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்க, சிவந்து வீங்குகிறது. அடாபலீன் அடைப்பைத் தடுக்கிறது. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. மற்றவை எல்லாம் துணைக்கு.

லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லில் தொடங்கலாம். 5, 10 சதவீதமும் கிடைக்கும். அதிகம் என்றால் வேகம் என்று நினைக்காதீர்கள். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். அளவைக் கூட்டினால் எரிச்சல் மட்டும்தான் கூடும். ஒரு எச்சரிக்கை: இது துணியை வெளுக்கும். நல்ல நிறத் துண்டு, தலையணை உறை, சுடிதார் கழுத்து எல்லாம் ஆரஞ்சுத் திட்டாகிவிடும். வெள்ளைத் துண்டு ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

அடைப்புகளும் பொரிப்பொரியான சிறு பருக்களும் இருந்தால் 0.1 சதவீத அடாபலீன் ஜெல். முதல் முறை என்றால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. போடும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரவில் முகம் கழுவி, முழுதாகக் காய 15, 20 நிமிடம் விடுங்கள். பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, மோவாய் என ஐந்து புள்ளி வைத்து, மெல்லிய படலமாகப் பரப்புங்கள். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனை மூன்றையும் விட்டுவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு; தாங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள்; பிறகு தினமும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போல் வைத்தால் பலன் இல்லை, ஏனென்றால் இந்த மருந்து அடுத்த மாதம் வரப்போகும் பருவைத் தடுப்பதற்கானது.

பட்டாணி அளவு போட்டால் 15 கிராம் ட்யூப் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டால் கை தாராளம் என்று பொருள். முகம் உரிந்துகொண்டும் இருக்கும்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம். மூன்றாவது வாரத்தில் "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றுகிறவர்கள் ஆண்டு முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் போடாதீர்கள். அது ஆன்டிபயாடிக், தனியாகப் போட்டால் பாக்டீரியா பழகிவிடும். கூடவே பென்சாயில் பெராக்சைடு இருக்க வேண்டும்.

மருந்து போட்டதும் எரிகிறது, உரிகிறது, பருவும் கூடுகிறது. நிறுத்தலாமா?

அடாபலீனில் முதல் சில வாரம் லேசாக உரிவதும், உள்ளே இருந்த அடைப்புகள் மேலே வந்து பரு கூடியது போலத் தெரிவதும் வழக்கம். வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்து, சீக்கிரம் அமுங்கினால் தொடரலாம். ஒருநாள் விட்டு ஒருநாளாக்குங்கள். மாய்ஸ்சரைசரை முதலில் தடவி அதன் மேல் மருந்தைப் போட்டாலும் எரிச்சல் குறையும்.

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, வழக்கமான மாய்ஸ்சரைசரே காந்துகிறது, முகம் பிளாஸ்டிக் போலப் பளபளக்கிறது என்றால் தோலின் மேல் அரண் உடைந்துவிட்டது. எல்லா மருந்தையும், சீரத்தையும், ஸ்கிரப்பையும் நிறுத்துங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும்.

கண் இமை வீங்கி, கடுமையாக அரித்து, கொப்புளமோ நீரோ வந்தால் அது ஒவ்வாமை. அந்தப் பொருளுக்கும் உங்களுக்கும் ஒத்துவராது. பழகட்டும் என்று தொடர்வது ஆபத்து.

நெற்றியில் பொடிப்பொடியாக ஒரே அளவில் வருகிறது, அரிக்கிறது. பரு மருந்து கேட்கவில்லையே?

ஒரே அளவு, அரிப்பு என்ற இரண்டையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பரு அவ்வளவாக அரிக்காது. பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும். தலையில் பொடுகும் இருந்து, மார்பு, முதுகிலும் இதே மாதிரி இருந்தால், மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலில் பெருகியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வேர்வையில் நனைந்த சட்டையோடும் ஹெல்மெட்டோடும் சுற்றுகிறவர்களுக்கு இது சகஜம். ஆன்டிபயாடிக் மாத்திரை தின்றால் கூடும். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை அந்த இடத்தில் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவது ஒரு வழி. மருத்துவர் உறுதி செய்தால் மாத்திரையும் தருவார்.

மூக்கின் இரு பக்கமும் புருவத்திலும் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால் அதுவும் பொடுகுக் குடும்பம்தான். "வறட்சி" என்று தேங்காய் எண்ணெய் தடவினால் அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும்.

எண்ணெய் பற்றி இன்னொன்று. தலைக்குத் தேய்த்த எண்ணெய் வேர்வையோடு நெற்றிக்கு இறங்கும். முடியோரம் வரிசையாகப் பரு இருந்தால், முதலில் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள், அல்லது இரவில் வைத்து மறுநாள் காலை அலசிவிடுங்கள். தலையணை உறையையும் மாற்றுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே சிலருக்கு நெற்றி தெளிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் வந்து போனால் அது வேர்க்குரு. அதற்கு மருந்தே வேண்டாம். காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும் போதும். மேலே கெட்டியான க்ரீமும் பவுடரும் அப்பாதீர்கள்.

பரு போய்விட்டது, தழும்பு போகவில்லை.

கறையா, குழியா? விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் குழி. குழியை எந்த க்ரீமாலும் மேலே தூக்க முடியாது. மைக்ரோநீட்லிங் (நுண்ணூசியால் குத்துவது), லேசர், சப்சிஷன் (குழியைக் கீழே இழுக்கும் நாரை ஊசியால் அறுப்பது) போன்றவை மருத்துவர் கையில் உள்ளவை. அதுவும் புதுப் பரு வருவது நின்ற பிறகே.

கறை தானாகவே மங்கும். மாநிறத் தோலில் அதற்கு மாதங்கள் ஆகும். சாம்பல் கலந்த நீல நிறமாகத் தெரிந்தால் கறை ஆழத்தில் இருக்கிறது, இன்னும் நாளாகும். வேகப்படுத்த 10 முதல் 20 சதவீத அசெலெயிக் அமிலம் நல்ல தேர்வு, பருவையும் கறையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் ஊசி குத்துவது போலவோ அரிப்பாகவோ இருக்கும், பிறகு அடங்கிவிடும். எரிச்சல் தாங்காதவர்களுக்கு 4, 5 சதவீத நியாசினமைடு. 10 சதவீதம் வாங்கினால் இருமடங்கு பலன் என்பது விளம்பரக் கணக்கு.

சன்ஸ்கிரீன் போடாமல் கறைக்கு மருந்து போடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. பருவைக் கிள்ளுவதும் அப்படித்தான்.

கன்னத்தில் மங்கு. எத்தனையோ போட்டுப் பார்த்தாயிற்று.

இரண்டு கன்னத்திலும், சில நேரம் நெற்றியிலும் மேலுதட்டிலும், வரைபடம் போல ஓரம் வளைந்து வளைந்து பழுப்பாகப் படர்வது மங்கு. கர்ப்பக் காலத்திலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் வரலாம் அல்லது கூடலாம். ஆண்களுக்கும் வரும். முதலில் ஏற்க வேண்டியது: இது அடங்கும், ஆனால் அழிந்துபோகாது. வெயில் பட்டால் திரும்பும்.

மங்குக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணம். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். மூலப்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகத்தில் வெள்ளை பூசினாற்போலத் தெரியாது என்பது கூடுதல் லாபம். ஜன்னல் கண்ணாடி வழியாக யு.வி.ஏ. என்ற வகைப் புற ஊதாக் கதிர் உள்ளே வரும்; பேருந்தில் ஜன்னலோரம் உட்காருபவர்களும் கார் ஓட்டுபவர்களும் "வெயிலில் போவதே இல்லை" என்று சொல்ல முடியாது. அடுப்புச் சூடும் மங்கைக் கூட்டும் என்பதால் அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி நில்லுங்கள்.

மருந்தில் அசெலெயிக் அமிலம், கோஜிக் அமிலம், ஆர்புடின், டிரானெக்சாமிக் அமிலம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம். மருத்துவர்கள் எழுதும் மும்மருந்து க்ரீம் தனி ரகம். அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். வேகமாக வேலை செய்யும்; அதனாலேயே ஆபத்து. சில வாரம் போட்டு நிறுத்த வேண்டியதை, நன்றாக இருக்கிறதே என்று அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, ஹைட்ரோகுயினோனால் ஆழமான சாம்பல் கறையும் விழுந்தபின் அந்தக் கறைக்கு மருந்து தேடுவது மிகக் கடினம்.

சன்ஸ்கிரீன் எவ்வளவு, எப்போது?

எஸ்.பி.எஃப். 30 உள்ளது, சரியான அளவு போட்டால் தோலைச் சிவக்கச் சுடும் யு.வி.பி. கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 உள்ளது 98 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிட, பி.ஏ.+++ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்; யு.வி.ஏ. தடுப்புக்கான குறி அது.

அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 கிராம். 50 கிராம் ட்யூப் தினம் ஒருமுறை போட்டால் 50 நாளில் தீர வேண்டும். ஆறு மாதமாக ஒரே ட்யூப் ஓடுகிறது என்றால் நீங்கள் சன்ஸ்கிரீனை முகர்ந்து பார்க்கிறீர்கள், போடவில்லை. இவ்வளவையும் ஒரே தடவையாகப் பூசினால் பிசுபிசுக்கும். பாதி பூசி, இரண்டு நிமிடம் விட்டு, மீதியைப் பூசுங்கள்.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் காலையிலும், வெளியே கிளம்பும் முன்பும் போட்டால் போதும். கண்ணில் வழிந்து எரிந்தால், கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதைப் போடலாம்.

தெரிந்தவர் சொன்ன க்ரீம். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா?

நிறுத்தி, ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று "சோன்", "சோல்", "லோன்" என முடியும் பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. ("சோல்" என்று முடிவதாலேயே கீட்டோகோனசோலை ஸ்டீராய்டு என்று நினைக்க வேண்டாம், அது பூஞ்சை மருந்து.) எக்சிமா (கரப்பான்), சொரியாசிஸ் போன்றவற்றுக்குக் குறுகிய காலம் எழுதும் மருந்து இவை. ஆனால் தோலை வெளுக்கும் என்பதால் கைமாறிக் கைமாறிச் சிவப்பழகு க்ரீம் ஆகிவிட்டன. இந்திய அரசு 2018-ல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. கேட்டால் கொடுக்கும் கடை இன்னும் இருக்கிறது.

நடப்பது இதுதான். முதல் மாதம் பளபளப்பு. பிறகு போடாத நாளில் முகம் சிவந்து எரியும்; போட்டால் அடங்கும். அப்படியே அடிமையாகிவிடுகிறது. தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூலிழை போல ரத்த நாளம் தெரியும். பருக்கள் ஒரே மாதிரி கூட்டமாக எழும், பெண்களுக்குக் கன்னத்தில் பூனைமுடி அடர்த்தியாகும். பல மாதம் போட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் முகம் கொதித்துவிடும். மருத்துவர் படிப்படியாக மாற்றுவார். தணிய மாதக்கணக்காகலாம்.

இன்னொரு பக்கம் பாதரசம். மூலப்பொருள் பட்டியலே இல்லாத, உரிம எண் இல்லாத, டப்பாவில் வரும் வெளுப்பு க்ரீம்களில் பாதரச உப்பு இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது மருத்துவர்கள் கண்டறிந்து வெளியே வந்தது. இந்திய அழகுப்பொருள் விதிகள், 2020-ன்படி கண்ணைச் சுற்றிப் போடும் பொருள் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கால் வீங்குகிறது, சிறுநீரில் நுரை நிற்கிறது என்றால் க்ரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வைட்டமின் சி சீரம் வாங்கலாமா?

வாங்கலாம், அவசியம் இல்லை. எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் எரிச்சல்தான். நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெடும். தெளிந்த நீரோ வெளிர் மஞ்சளோ சரி. டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். சின்ன, அடர்நிறப் புட்டியாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, பற்பசை?

உண்மையான கஸ்தூரி மஞ்சளுக்குக் கற்பூர வாசனை இருக்கும், பொடி வெளிர் நிறத்தில் இருக்கும். முகத்தில் அடர் மஞ்சளாகப் பிடித்துக்கொண்டால் வேறு ஏதோ ஒரு மஞ்சளை விற்றிருக்கிறார்கள். பாசிப்பயறு மாவோ கடலை மாவோ வாரம் ஒருமுறை, நைசாகச் சலித்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் கெடுதல் இல்லை. எழும்பிய பருவின் மேல் கரகரவென்று தேய்ப்பதுதான் தவறு. அடாபலீன் போடுபவர்கள் மாவு, ஸ்கிரப் இரண்டையும் தள்ளி வையுங்கள்.

எலுமிச்சை கூடவே கூடாது. சாற்றின் பி.எச். 2 அளவு, அதோடு அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போல் வெந்து, மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும். பற்பசை பருவை வற்றச் செய்வதில்லை, சுற்றியுள்ள தோலைப் புண்ணாக்குகிறது. ஆப்பசோடாவும் அதே வகை.

பிள்ளையின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. பூச்சியா, சத்துக் குறைவா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் செதில் உதிர்ந்து, வெளிறி இருந்தால் அது வறட்சியோடு வரும் ஒருவகை லேசான அழற்சி. வெயில் காலத்தில் சுற்றியுள்ள தோல் கறுப்பதால் எடுப்பாகத் தெரியும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் காலை, இரவு; காரச் சோப்பு வேண்டாம். சில மாதங்களில் நிறம் திரும்பும்.

சுண்ணாம்பு போல வெண்மையாக, கோடு போட்ட மாதிரி ஓரம் தெரிந்தால் வெண்புள்ளியா என்று காட்டுங்கள். வெளிறிய இடத்தில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயா என்று பார்ப்பார்கள். இருந்தாலும் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

பொட்டு வைக்கும் இடம் வெளுக்கிறது. நெற்றியோரம் கறுக்கிறது.

ஸ்டிக்கர் பொட்டுப் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் நிறமிச் செல்லைக் கொல்லும். அரிப்பு தொடங்கும்போதே நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம். வெளுத்த பிறகு நிறம் திரும்புவது உறுதியில்லை. நெற்றியோரமும் காதோரமும் கறுத்தால் தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற சாய வேதிப்பொருளைச் சந்தேகியுங்கள். "ஹெர்பல்", "கறுப்பு மருதாணி" என்று எழுதியிருந்தாலும் கறுப்பு நிறம் வருகிறது என்றால் பெரும்பாலும் அதில் அது இருக்கும். காரணத்தை நிறுத்தாமல் கறுப்புக்கு க்ரீம் வாங்கி என்ன பயன்?

கழுத்துப் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் தேய்க்கவே வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை அளவைப் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். எதை நிறுத்த வேண்டும்?

அடாபலீன், ட்ரெட்டினாயின், ரெட்டினால், ஹைட்ரோகுயினோன் நான்கையும். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் கடுமையான குறைபாட்டை உண்டாக்கும். அதை நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்கலாம். அசெலெயிக் அமிலமும் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீனும் போடலாம்.

புதுப் பொருளை வாங்கும்போது அட்டையில் எதைப் பார்ப்பது, எப்படிச் சோதிப்பது?

தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, முழு மூலப்பொருள் பட்டியல். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும். இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது அழகுப்பொருள் அல்ல, மருந்து. பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட குங்குமப்பூ பட்டியலின் வாலில், வாசனைக்குப் பின்னால் இருந்தால் கணக்கு உங்களுக்கே புரியும். திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண், திறந்தபின் எத்தனை மாதம் என்பது. மூடியில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாங்கியதும் முகம் முழுக்க அப்பாதீர்கள். காதுக்குக் கீழே தாடையோரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தினம் ஒருமுறை, ஒரு வாரம் தடவுங்கள். ஒவ்வாமை மூன்றாம், நான்காம் நாளில்தான் தலைகாட்டும் என்பதால் ஒரே நாள் சோதனை போதாது. இரண்டு புதுப் பொருளை ஒரே வாரத்தில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மாத இடைவெளி விடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வலிக்கும் கட்டியாகப் பரு வந்தால் உடனே. குழி விழுந்தபின் போவதில் பாதி லாபம் போய்விடும். மாதவிடாய் தள்ளிப்போவதோடு மோவாயில் முடியும் பருவும் கூடினால், மூன்று மாதம் மருந்து போட்டும் அசையாவிட்டால், ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோ போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. போகும்போது பவுடர், மேக்கப் இல்லாமல் போங்கள். இதுவரை போட்ட எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பெயர் அழிந்தது, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது உட்பட.